லேமினேட் பலகை விலகினால்: தள்ளுக்கட்டையால் இடைவெளி மூடப் பழகுவோம்

மார்ச் பிறந்தால் நுவரெலியாப் பக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். ஏப்ரல் சீசனுக்கு முன் விடுதிகளைத் துப்புரவாக்கிச் சரிபார்க்கிற நேரம் அது. “அண்ணே, ஹோல்ல பலகை விட்டுக்கிட்டு நிக்குது. இடுக்குல மண்ணு போய் அடைஞ்சிருக்கு. ஒருக்கா வந்து பாருங்க” என்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் அதே பேச்சு பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து வரும்.

இந்த மாதக் கணக்குக்குக் காரணம் காற்று. நுவரெலியாவை அடுத்த டிம்புள்ளைப் பக்கத்துத் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையும், பண்டாரவளை, ஹப்புத்தளை இருக்கிற ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் தரத்தில் உச்சத்துக்கு வருவது வறண்ட காற்றால்தான். கொழுந்திலிருந்து ஈரத்தை இழுக்கிற அதே காற்று வீட்டுத் தரைப் பலகையையும் விட்டுவைப்பதில்லை. லேமினேட் பலகையின் வயிற்றில் இருப்பது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. ஈரம் ஏறினால் அது உப்பும், இறங்கினால் சுருங்கும். சுருங்கும்போது நெருக்கமாக இருந்த மூட்டு ஒன்று எங்கேயோ விட்டுக்கொடுக்கும்.

அப்படி விலகிய பலகையைத் தரையைப் பெயர்க்காமலே திரும்ப நெருக்குவதற்கு ஒரு சின்னக் கைக்கருவி இருக்கிறது. பெட்டியில் ‘ஃப்ளோர் கேப் ஃபிக்ஸர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நான் அதைத் தள்ளுக்கட்டை என்றே சொல்கிறேன். அதன் வேலை தள்ளுவது மட்டும்தான். வேலை பழகும் தம்பி தங்கைகளுக்கும், வீட்டைத் தாங்களே பராமரிக்க விரும்புகிறவர்களுக்குமாக அதைப் பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில்: உங்கள் தரை மிதக்கிற தரைதானா?

இதைப் பார்க்காமல் சுத்தியலைத் தொடவே வேண்டாம். மலைநாட்டில் பலகைத் தரை என்றால் இரண்டு வகை கண்ணில் படும். பழைய தோட்டத்து பங்களாக்களில் இருப்பது கனமான மரப்பலகை. கீழே குறுக்குச் சட்டம் ஓடும், பலகையை அதன்மேல் ஆணியடித்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் ஆணித்தலையோ, அதை மூடிய புட்டியோ தெரியும். தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஓசை வரும். அந்தப் பலகையை எந்தத் தள்ளுக்கட்டையாலும் அசைக்க முடியாது, அசைக்கவும் கூடாது. சிமெந்தில் பசை பூசி ஒட்டிய பார்கே தரைக்கும் இதே கதைதான்.

மிதக்கும் தரை வேறு. சிமெந்துத் தரைக்கு மேல் மெல்லிய ஃபோம் பாய் விரித்து, அதன்மேல் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டி வைத்திருப்பார்கள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சுவரோரம் சுற்றிவர 8 முதல் 10 மி.மீ. வரை இடம் விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பலகையால் மறைத்திருப்பார்கள். சுவீடனில் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் லேமினேட் தரையை உருவாக்கியது. தொடக்க காலத்தில் பலகைகளைப் பசை வைத்தே இணைத்தார்கள். பசையில்லாமல் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் முறை 1990களின் பிற்பாதியில்தான் பரவியது. பசையில்லாத அந்தப் பூட்டு இருப்பதால்தான் பலகையைத் திரும்பத் தள்ள முடிகிறது.

பலகையின் ஓரத்தில் ஒரு பக்கம் துருத்திய நாக்கும் மறுபக்கம் அது நுழைகிற பள்ளமான காடியும் இருக்கும். நீளப் பக்கத்துப் பூட்டு பலகையை மேலே எழும்ப விடாது, ஆனால் நீளவாக்கில் கொஞ்சம் வழுக்க விடும். அதனால் இடைவெளி பெரும்பாலும் விழுவது பலகையின் குறுகிய தலைப்பில்தான். தள்ளுக்கட்டை செய்யப்பட்டதும் இந்தத் தலைப்பு இடைவெளிக்காகத்தான். நீளப் பக்கம் நெடுக விலகியிருந்தால் பூட்டு உடைந்திருக்கலாம், அல்லது கீழே சிமெந்து பள்ளமாக இருக்கலாம். அப்போது ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி வரிசை வரிசையாகப் பலகையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கருவியில் என்ன இருக்கிறது?

கையடக்கமான ஒரு கட்டை. அலுமினியம், இரும்பு, கடினப் பிளாஸ்டிக் என்று எதிலாவது இருக்கும். அடிப்பாகத்தில் பலகையைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பரப்பு. ஒரு வகையில் அது ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பட்டை, இன்னொரு வகையில் கண்ணாடி தூக்கும் கப் மாதிரி காற்றை வெளியேற்றிப் பிடிக்கும் உறிஞ்சு கப். கட்டையைப் பலகைமேல் ஒட்டிவிட்டு, இடைவெளி இருக்கிற திசையை நோக்கிப் பக்கவாட்டில் தட்டினால் பலகையும் சேர்ந்து நகரும்.

எங்கள் ஊர்களுக்கு நான் ஒட்டுப் பட்டை வகையைத்தான் சொல்வேன். உறிஞ்சு கப்பைப் பலகையோடு அழுத்திப் பிடித்திருப்பது வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கப்பின் பிடியும் அதே அளவுக்குத் தளரும். போதாததற்கு மர ரேகை போலக் கோடு கோடாகச் செதுக்கிய மேற்பரப்புள்ள பலகையாக இருந்தால், அந்தக் கோடுகள் வழியே காற்று உள்ளே போய்விடும். வழுவழுப்பான பலகைக்கு மட்டும் கப் சரிவரும். கப்பின் விளிம்பை ஈரவிரலால் ஒரு தடவை தடவிவிட்டு வைத்தால் நன்றாகப் பிடிக்கும்.

ஒட்டுப் பட்டைக்குத் தொல்லை குளிர். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் ஒட்டுத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். தை, மாசி மாதப் பனிக் காலையில் ஏழு மணிக்கே போய் உட்கார்ந்து தட்டினால் கட்டைதான் கழன்று ஓடும். வெயில் ஏறி அறை கொஞ்சம் சூடான பிறகு தொடங்குங்கள். அதுவரை கட்டையை ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்தால் பட்டை இளகி வரும்.

கருவி கடையில் கிடைக்கவில்லையா? கையாலேயே செய்துகொள்ளலாம். பலா மாதிரி உறுதியான மரத்தில் 25 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு வெட்டி, அடிப்பாகத்தை நன்றாக இழைத்துச் சமமாக்குங்கள். அதில் இரட்டைப் பக்க டேப்பை நெருக்கமாக ஒட்டுங்கள். இங்கே ஒரு கவனம் வேண்டும். தடித்த ஃபோம் டேப் வாங்காதீர்கள். ஒவ்வொரு அடியையும் அந்த ஃபோமே வாங்கி விழுங்கிவிடும், பலகைக்கு ஒன்றும் போய்ச்சேராது. கார்ப்பட் ஒட்டுகிற மெல்லிய துணி டேப்தான் பொருத்தம்.

கூடவே வேண்டியவை: ரப்பர் சுத்தியல் (கறுப்பு ரப்பர் சுவரிலும் பலகையிலும் கோடு போடும், வெள்ளை நல்லது), பழைய ஆட்கள் வைத்திருக்கிற மரக் கொட்டாப்புளி இருந்தால் அதுவும் சரி. ஒரு மெல்லிய இரும்பு அடிமட்டம், ஒரு தையல் ஊசி, பழைய பல்தூரிகை, ஸ்பிரிட், இரண்டு துணி, 10 மி.மீ. தடிப்பில் நாலைந்து மர ஆப்பு, வங்கி ஏடிஎம் அட்டை ஒன்று. இரும்புச் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தட்டுவதற்கு முன் தரையைப் பாருங்கள்

ஏடிஎம் அட்டையின் தடிப்பு 0.76 மி.மீ. அதை இடைவெளிக்குள் செங்குத்தாக விட்டுப் பாருங்கள். அட்டை நுழையவே இல்லையென்றால் அது பருவத்தோடு வந்து போகிற இடைவெளி. மழை தொடங்கினால் தானாகவே மூடிக்கொள்ளும், நான் அதைத் தொடமாட்டேன். ஓர் அட்டை நுழைந்தால் தள்ளலாம். மூன்று அட்டை சேர்த்து விட்டாலும் தளர்வாக இருந்தால் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்கும். வரிசையின் இரு தலைப்பிலும் கனமான அலுமாரி வைத்திருப்பார்கள். ஆறு மீட்டர் ஹோல் என்று வைத்துக்கொள்வோம். 1.2 மீட்டர்ப் பலகை ஐந்து ஒரு வரிசையில் வரும், நடுவில் நாலு மூட்டு. தரை சுதந்திரமாக இருந்தால் சுருக்கம் முழுவதும் சுவரோரத்துக்குப் போய் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே மறைந்துவிடும். இரு தலைப்பையும் அலுமாரி அழுத்திப் பிடித்திருந்தால், ஐந்து பலகையின் சுருக்கமும் சேர்ந்து நடுவில் எந்த மூட்டு தளர்வோ அங்கே வாயைத் திறக்கும். யாராவது ஸ்கர்ட்டிங்கைப் பலகையோடு சேர்த்து ஆணியடித்திருந்தாலும், கதவடியில் பலகைக்குள் திருகாணி இறக்கியிருந்தாலும் இதே நிலைதான்.

இடைவெளிக்குப் பக்கத்தில் காலை வைத்து அழுத்திப் பாருங்கள். பலகை கீழே இறங்கி ‘டொக்’ என்றால் அடியில் சிமெந்து சமமில்லை. இரண்டு மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் எத்தனை முறை தள்ளினாலும் நடக்க நடக்கத் திரும்ப விலகும்.

கடைசியாக, பலகையின் ஓரத்தை விரலால் தடவுங்கள். ஓரம் உப்பி மேடாகத் தட்டுப்பட்டால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உப்பிய மரநார் அட்டை பழைய அளவுக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும், அதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மலைச்சரிவில் வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் வழியாக ஈரம் கசிவது சாதாரணம்.

எந்தப் பக்கம் தள்ளுவது?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தள்ளுக்கட்டை இடைவெளியை இல்லாமல் ஆக்குவதில்லை. அதை நடு அறையிலிருந்து சுவரோரத்துக்கு அழைத்துப் போகிறது. அதற்கென்று விடப்பட்ட இடம் அங்கேதான் இருக்கிறது.

மேலே சொன்ன வரிசையையே எடுங்கள். கதவிலிருந்து எண்ணினால் மூன்றாம் பலகைக்கும் நாலாம் பலகைக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. நாலாவதை மூன்றாவதை நோக்கித் தள்ளினால் இடைவெளி நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே போகும். பிறகு ஐந்தாவதை நாலாவதை நோக்கித் தள்ளுங்கள். இப்போது இடைவெளி ஐந்தாவதுக்கும் சுவருக்கும் நடுவே, ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே. ஆகவே குறைந்த பலகை உள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

ஆனால் அதற்கு முன் இரண்டு சுவரோரத்தையும் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கர்ட்டிங்கை மெதுவாகக் கழற்றி அடிமட்டத்தால் அளவெடுங்கள். ஒரு பக்கம் பலகை சுவரை முட்டிக்கொண்டு நின்றால், அந்தப் பக்கத்துப் பலகைகளைத்தான் நடுவை நோக்கி இழுக்க வேண்டும், எண்ணிக்கை கூடுதலாக இருந்தாலும் சரி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் பழகிய புதிதில் ஹட்டனில் ஒரு வீடு. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றாமலே ஓங்கித் தட்டினேன். இடைவெளி அழகாக மூடியது, வீட்டுக்கார அம்மா தேநீர் கொடுத்து அனுப்பினார். இடைவெளிக்கு அப்பால் இருந்த பலகைகள் முழுவதும் நகர்ந்து எதிர்ச்சுவரில் முட்டி நின்றது எனக்குத் தெரியாது. மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தது. பலகை உப்பியது, போக இடமில்லை, ஹோல் நடுவே தரை கூரை மாதிரி மடிந்து எழும்பிவிட்டது. என் செலவில் இரண்டு நாள் இருந்து பிரித்து, ஓரத்தை அறுத்துத் திரும்பப் போட்டேன். அன்றிலிருந்து ஆப்பு இல்லாமல் நான் தட்டுவதில்லை.

இனித் தட்டலாம்

அலுமாரி, கட்டில், கதிரை எல்லாவற்றையும் அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இழுக்காமல் தூக்கி எடுங்கள்.

இடைவெளியைத் துப்புரவாக்குவதற்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஊசியால் கீறி, பல்தூரிகையால் எடுத்து, வெக்யூம் இருந்தால் அதால் உறிஞ்சுங்கள். மலைநாட்டுச் செம்மண் ஈரத்தோடு உள்ளே போய்க் காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். ஒரு மணல் குருணி காடிக்குள் இருந்தாலும் மூட்டு முழுதாக மூடாது. கட்டாயப்படுத்தினால் பலகையின் மேல்விளிம்பு தெறிக்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள். நாக்கின் ஓரம் ஒரே கோடாகத் தெரிய வேண்டும், உடைந்து துண்டாகக் கிடக்கக் கூடாது.

அடுத்து, கட்டை உட்காரும் இடம். தரை துடைக்கிற திரவம், மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருந்தால் ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காயவிடுங்கள்.

நகரக் கூடாத பக்கத்துச் சுவரோரத்தில் ஆப்புகளைச் செருகுங்கள். அந்தப் பக்கத்துப் பலகைமேல், மூட்டுக்கு அருகில் ஒருவர் நின்றுகொள்ளட்டும். நகர வேண்டிய பலகைமேல் யாரும் நிற்கக் கூடாது. உங்கள் முழங்காலும் பக்கத்து வரிசையில் இருக்கட்டும்.

கட்டையை நகர வேண்டிய பலகையின் நடுக்கோட்டில், இடைவெளியிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இரு கையாலும் உடல் பாரத்தைக் கொடுத்து அரை நிமிடம் அழுத்துங்கள். பிறகு இடைவெளிக்கு எதிர்ப்புற முகத்தில், பலகைக்கு ஒட்டினாற்போலத் தாழ்வாகத் தட்டுங்கள். மேலே தட்டினால் கட்டை சாயும், அதன் அடிப்பாகம் பின்னோரத்தில் பெயரும், ஒட்டு விட்டுப்போகும். சுத்தியல் வருகிற கோடும் பலகையின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு? ஆணியடிக்கிற வேகத்தில் கால்பங்கு போதும். நாலைந்து தட்டு, நிறுத்தம், அட்டையை விட்டுப் பார்த்தல், மறுபடியும் நாலைந்து தட்டு. அசையும்போது ஓசையிலேயே தெரியும்: முதலில் மந்தமாகக் கேட்பது, நகரத் தொடங்கியதும் கொஞ்சம் இழுபடுகிற ஓசையாக மாறும், தலைப்பு முட்டியதும் சுருக்கென்று கெட்டியாகக் கேட்கும். அந்தக் கெட்டி ஓசை வந்த பிறகு ஒரு தட்டும் கூடாது. இருபது தட்டு தட்டியும் அட்டை முன்போலவே நுழைந்தால் வலுவைக் கூட்டாதீர்கள். எங்கேயோ பிடித்திருக்கிறது, அதைத் தேடுங்கள்.

திரும்பத் திரும்ப விலகுகிற மூட்டாக இருந்தால், மூடுவதற்குச் சற்று முன் தலைப்பு நாக்கில் மெல்லிய கோடாக மரப்பசை விடலாம். தண்ணீர் தாங்கும் டி3 வகை வெள்ளைப் பசை வேண்டும். பிதுங்கியதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு நாள் அதன்மேல் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மூட்டுக்கும் இப்படிச் செய்யாதீர்கள். பிறகு ஒரு பலகையை மாற்ற நேர்ந்தால் பெயர்க்க முடியாது.

சுவரோரக் கடைசித் துண்டு சின்னதாக இருந்தால் தள்ளுக்கட்டைக்கும் சுத்தியல் வீச்சுக்கும் இடம் போதாது. அங்கே கொக்கிப் பட்டைதான் உதவும். இரு முனையும் எதிரெதிராக மடித்த இரும்புப் பட்டை அது. கீழ்நோக்கி மடிந்த முனையைப் பலகையின் சுவர்ப்பக்க ஓரத்தில் மாட்டி, மேல்நோக்கி எழும்பிய மறுமுனையில் தட்டினால் துண்டு உள்ளே வரும்.

கட்டையைக் கழற்றும்போது செங்குத்தாகப் பிடுங்காதீர்கள், பலகையின் மேல்படலம் கிளம்பலாம். மெதுவாகத் திருகி வழுக்கி எடுங்கள். டேப் ஒட்டிய கட்டையென்றால் அடியில் நைலோன் நூலை விட்டு அறுத்துக்கொண்டு வாருங்கள். பிசின் மிச்சமிருந்தால் எங்கள் ஊர்க் கடைகளில் விற்கிற யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டுப் போதும். சிறிது நேரம் விட்டுத் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

எஸ்.பி.சி. பலகையா?

கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த இந்தப் பலகை ஈரத்துக்கு அசையாது, வெப்பத்துக்கு அசையும். பகலில் கண்ணாடி யன்னல் வெயிலில் நீண்டு, இரவுக் குளிரில் சுருங்கும். முறை ஒன்றுதான், ஆனால் பலகை மெல்லியது, பூட்டு அதைவிட மெல்லியது. லேமினேட்டுக்குக் கொடுக்கிற வலுவில் பாதி கொடுங்கள். யன்னலுக்குத் திரைச்சீலை போட்டால் பாதித் தொல்லை அடங்கும்.

மூடவே முடியாத ஒரு சின்ன இடைவெளிக்கு நிறம் பொருந்திய மெழுகுக் குச்சி தேய்க்கலாம். சிலிக்கோனும் மரப்புட்டியும் வேண்டாம். தரை அசையும்போது புட்டி வெடித்து உதிரும், உதிர்ந்த துகள் காடிக்குள் போய் மூட்டை நிரந்தரமாகத் திறந்து வைக்கும். ஆணியடித்து நிறுத்துவதும் அப்படித்தான், இங்கே நின்றால் பக்கத்து மூட்டில் விடும்.

வேலை முடிந்ததும் ஆப்புகளை எல்லாம் எடுத்துவிட்டோமா என்று எண்ணிப் பாருங்கள். ஸ்கர்ட்டிங்கைத் திரும்ப அடிக்கும்போது ஆணி சுவருக்குள் போகட்டும், பலகைக்குள் வேண்டாம். கனமான அலுமாரியை வரிசையின் ஒரு தலைப்பில் மட்டும் வையுங்கள். தள்ளுக்கட்டையின் ஒட்டுப் பட்டையில் தூசி படிந்து பிடி குறைந்திருக்கும். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைக்காமல் நிழலில் காயவைத்தால் ஒட்டுத்தன்மை திரும்பும். காய்ந்ததும் அதன் பிளாஸ்டிக் தாளை மூடி வையுங்கள். ஒரு கிழமை கழித்து அதே ஏடிஎம் அட்டையோடு போய் அதே மூட்டுகளை இன்னொரு தடவை பாருங்கள்.